ஏகமனதாக

வண்ணார்பேட்டையில் டயர்க் கடைக்கு மேலே
மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த அறை.
இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தரை.
வருவதாகச் சொன்னவர்கள் நாற்பது பேர்.
வந்தவர்கள் பதினேழு.

ஆராய்ச்சித் திட்ட மேலாளர்கள்
என்பது நாங்களே எங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.
சம்பளப் பட்டியலில் சிலர் தற்காலிக உதவியாளர்,
மரியதங்கம் மட்டும் நாலு வருடமாக
'இதர செலவினம்'.

நிகழ்ச்சி நிரலில் நாலாவது:
புதிய ஒருங்கிணைப்பாளர் தேர்வு.
ஊதியம் கிடையாது. பெட்ரோல் காசு கிடையாது.
ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று உண்டு,
'ஒருங்' வரைக்கும்தான் அதில் மை பிடிக்கும்.

"யாராவது முன்வரலாம்" என்றேன்.
மேசை விசிறி மட்டும் ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பி
மாட்டேன் மாட்டேன் என்றது.
மைதீன் பிச்சை செல்போனில் எதையோ அவசரமாகத் தேடினார்.
"போன மட்டம் நல்லாத்தான செஞ்சீய,
நீங்களே இருங்க மேடம்."

நல்லாத்தான் செய்தேன்.
வெள்ளம் வந்த அந்த மூன்று நாளைத்தான் சொல்கிறார்கள்.
ஜெனரேட்டர் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர்.
மைனஸ் எண்பதில் கிடக்க வேண்டிய குப்பிகள் இரண்டாயிரம்,
முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களின் ரத்தம்,
மணிக்கு ஒரு டிகிரியாக உருகிக்கொண்டிருந்தது.
பேராசிரியர் டெல்லியில். அவர் போன் அணைந்திருந்தது.
என்னிடம் இருந்தவை பதினோரு நம்பர்கள்,
பதினாலு சதவீதம் சார்ஜ்.

ஒன்பதாவது நம்பர் பூலுடையார்.
"எடம் இருக்கு மேடம், தவளையளத் தள்ளி வச்சிக்கிடுதேன்.
கொண்டாந்திருங்க."
டிராக்டர் வைத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோனோம்.
பெருமாள்புரத்து ஃப்ரீசர் ஒன்றில்
மலைத் தவளைகளுக்குப் பக்கத்தில்
அந்தப் பெண்கள் பன்னிரண்டு நாள் பத்திரமாக இருந்தார்கள்.

கட்டுரை வந்தது. பெரிய பத்திரிகை.
நன்றி தெரிவிக்கும் பத்தியில்
மின்வாரியம் இருந்தது.
மார்ச்சில் தணிக்கைக்காரர் வந்தார்.
டிராக்டர் வாடகை ரசீதைப் புரட்டிப் பார்த்துவிட்டு,
"மூன்று கொட்டேஷன் வாங்கலியா?" என்றார்.

இதைச் சொல்லிச் சொல்லியே
இரண்டு வருடம் இந்த நாற்காலியில் இருந்துவிட்டேன்.
ராத்திரி பதினொன்றுக்கு
யூ.சி. எந்தப் படிவத்தில் என்று யாராவது கேட்டால்
சவம் தூங்க விடுதா பாரு என்று வைதுகொண்டே எழுந்திருக்கிறேன்.
பிடித்துத்தான் இருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி வரிசையில் ஒரு கை தூக்கியது.
கடையம் பக்கம் குளக் கணக்கெடுப்புத் திட்டம்,
பெயர் சங்கரவடிவு, வந்தது இதுதான் இரண்டாம் முறை.
அறையே கைதட்டியது.
மைதீன் பிச்சை எழுந்தே விட்டார் ஸ்டாம்பைக் கொடுக்க.
ஒரு நிமிடம் நானும் பேசாமல் இருந்தேன்,
சாவியை எண்ணிப் பார்க்கும் நிம்மதியோடு.

"இல்ல, ஒரு கேள்வி" என்றாள்.
"எங்க திட்டம் இந்த முப்பத்தொண்ணோட முடியுது.
அதுக்கப்புறமும் நான் இங்க வரலாமா?"

விதி மூன்று: நடப்பில் உள்ள திட்டத்தில்
பணிபுரிபவர் மட்டுமே உறுப்பினர்.
எழுதியவள் நான்தான்.
ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்து எழுதியது.

கீழே கம்ப்ரசர் ஓடி நின்றது.
பேனாவால் அந்த வரியை அடித்தேன்,
"ஆட்சேபம்?" என்றேன்.
பதினேழு பேரும் கை தூக்கினார்கள்,
ஆட்சேபத்துக்கா சம்மதத்துக்கா என்று
கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறுபடி நாலாவதுக்கு வந்தோம்.
கைகள் இறங்கின.

நடவடிக்கைக் குறிப்பு எழுதியவள் சங்கரவடிவு.
'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி,
யோசித்து,
'அடுத்த சனிக்கிழமை வரை' என்று சேர்த்தாள்.
அவள் தேதி போடும்போது
டீக் காசில் எட்டு ரூபாய் குறைந்தது.